சவுரியம்மாள் சோதித்த படகு

கனகராஜின் படகு ஏரிக்கரையில் பாதி தண்ணீரில் கிடக்கிறது. தோல் பதனிடும் ஷாப்புக்கு ரசாயன மருந்து வந்த இரண்டு நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்களை நீளவாக்கில் அறுத்து, செருப்புத் தைப்பதுபோல் வாரால் தைத்து, தையலில் மட்டும் தார் பூசியதைப் படகு என்பதே மரியாதைக்காகத்தான். அவன் கப்பல் என்கிறான். ஐந்து கோடையில் அதன் நீலம் சாம்பலாக வெளுத்துவிட்டது. ஆனாலும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. வருஷா வருஷம், தோலுக்குப் போடுவதுபோல, ஆமணக்கெண்ணெய் தடவியதால்தான் என்பது அவன் கட்சி. அவன் மனைவி சவுரியம்மாள் இதுவரை அதில் கால் வைத்ததில்லை. ஷூ கம்பெனியில் தோலைச் சோதித்துக் கழித்துக் கட்டுகிறவள். இப்போதும் சாயும் வெயிலுக்கு நேராக விளிம்பை வளைத்து விரிசல் தேடுகிறாள். நகத்தால் சுரண்டுகிறாள், சாம்பல் பொடியாக உதிர்ந்து அடியில் பளிச்சென்று நீலம் தெரிகிறது. கனகராஜ் அவள் நகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"எண்ணெய் இன்னாத்துக்குய்யா பூசற? பிளாஸ்டிக் இன்னா தோலா, குடிக்க?"

"குடிக்கலன்னா அஞ்சு வருஷம் தாங்குமா?"

"மேல மட்டும்தான் வயசாயிருக்குது. உன்னவிட தேவல." புடவையைச் செருகிக்கொண்டு ஏறி உட்காருகிறாள். "தள்ளு."

கனகராஜ் உடனே தள்ளவில்லை. கரையில் தூண்டில் போட்டிருக்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்வரை இருமிவிட்டு, பிறகுதான் தள்ளுகிறான்.