கீலன் தேறிவிட்டானா?

திரையில் கீலன் பந்தை மைதானத்துக்கு வெளியே வீசி எறிந்தான்.

"நிறுத்து. அங்கயே நிறுத்து," என்றார் ரஸ் ஹால்வர்சன்.

நிறுத்தினேன். யாருக்கும் போய்ச் சேராத பந்து. கைதட்டலும் இல்லை, புள்ளியும் இல்லை. இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

"இந்தப் பந்துக்குத்தான்யா மூணு வருஷமா காத்துக்கிட்டு இருந்தேன்," என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை. ஜன்னலுக்கு வெளியே துலூத் நகரமும் ஏரியும் ஒரே வெள்ளையாகக் கிடந்தன. அறையில் மூன்று பேர். தலைமைப் பயிற்சியாளர் பக்லி, குவார்ட்டர்பேக்குகளைப் பழக்கும் நான், வழக்கம்போல எனக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்ட ரஸ்.

தீர்க்க வேண்டியது ஒன்றுதான். கீலன் தேறிவிட்டானா, இல்லையா. வரும் ஞாயிறு தோற்றால் இந்த வருடம் அதோடு முடிந்தது.

கீலன் டுபோர் லூசியானாப் பையன். பனியை முதன்முதலாகப் பார்த்ததே இங்கே வந்த பிறகுதான். கை பீரங்கி. ஆனால் அமெரிக்கக் கால்பந்தில் அணிக்கு ஒருவனாக நின்று பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்குக் கை மட்டும் போதாது. மலை மலையாக நாலு பேர் மேலே பாய வரும்போதும், தூரத்தில் ஓடும் தன் ஆட்கள்மேல் வைத்த கண்ணை எடுக்கக் கூடாது. கீலன் பாய வருகிறவனைப் பார்ப்பான். மிரண்டுபோய்க் கிடைத்த பக்கம் வீசுவான். பந்து நேராக எதிரணிக்காரன் நெஞ்சில் போய் ஒட்டிக்கொள்ளும்.

முதல் வருடம் முழுக்க அப்படித்தான். இரண்டாம் வருடம் கொஞ்சம் குறைந்தது. போன வாரம், தோல்வி உறுதியான பிறகு, கடைசிப் பத்து நிமிடம் அவனை இறக்கினோம். அந்தப் படம்தான் திரையில் நின்றுகொண்டிருந்தது.

"இன்னும் ஒரு வருஷம் போகட்டும்," என்றேன்.

"போன வருஷமும் இதையேதான் சொன்னே, மெர்ல். உன் கணக்குப்படி அவன் பேரன் எடுத்தப்புறம்தான் ஆடுவான்."

பக்லி சிரித்துவிட்டார்.

ரஸ் எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தார். "இங்க பாருங்க. ரெண்டு பேர் மேல வந்து விழறானுங்க. தலை குனியுதா? இல்ல. இந்தப் பக்கம் பாத்தான், ஆள் இல்ல. அந்தப் பக்கமும் இல்ல. சரி, இந்தத் தடவ நமக்கு ஒண்ணும் கெடைக்காதுன்னு தூக்கி வெளிய போட்டுட்டான். எறியறதுக்கு எவனும் எறிவான், கோச். வேணாம்னு விடறதுக்குத்தான் வருஷக்கணக்கா ஆகுது."

பக்லி திரையைப் பார்க்கவில்லை. ரஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

"அன்னையிலேருந்து வேற என்ன யோசிச்சேன்? அவனை எறக்குங்க."

காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டியது. கீலன் எறிந்த முதல் பந்தையே எதிரணி பிடித்தது. அடுத்த முறை, எறியவே நேரமில்லாமல் அவன்மேல் மூன்று பேர் விழுந்தார்கள். பத்துப் புள்ளி பின்னால் கிடந்தோம்.

மைதானத்தின் ஓரத்தில், பெஞ்சில் வந்து விழுந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்தில் இருந்த ரஸ் அவன் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்து காதருகே ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அந்த நிலைமையிலும் பையன் சிரித்தான்.

அப்போது மேலே இருந்த கூட்டம் கத்த ஆரம்பித்தது. முதலில் ஒரு மூலையில் மட்டும். பிறகு அரங்கம் முழுக்க, காலால் பலகையைத் தட்டித் தட்டி.

"ரஸ்! ரஸ்! ரஸ்!"

பதினொரு வருடமாக அந்த ஊர் தன் குவார்ட்டர்பேக்கை அப்படித்தான் கூப்பிட்டு வந்தது.

ரஸ் ஒரு கணம் கண்களை மூடிக்கொண்டார். அந்தச் சத்தத்தை அவர் எவ்வளவு நேசித்தார் என்பது எனக்குத் தெரியும்.

பக்லி திரும்பினார். செவ்வாய்க்கிழமை எடுத்த முடிவு அவர் முகத்தில் கரைந்துகொண்டிருந்தது.

"ரஸ், ஹெல்மெட்ட மாட்டு!"

"முடியாதே, கோச்."

மடியில் கிடந்த கம்பளியை ரஸ் விலக்கிக் காட்டினார். காலில் ஷூ இல்லை. சாம்பல் நிறக் காலுறைக்குள் பெருவிரல்கள் அசைந்தன.

"வெறச்சுப் போச்சு. சூடு காட்டிக்கிட்டு இருக்கேன்."

"யோவ், ஷூ எங்கய்யா?"

"இங்கதான் எங்கயோ கழட்டிப் போட்டேன்."

நடுவர் விசில் ஊதிவிட்டார். பக்லி பல்லைக் கடித்துக்கொண்டு கீலனின் முதுகில் ஓர் அறை வைத்து அவனை உள்ளே தள்ளினார். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினார்.

"மெர்ல்! அந்தாளோட ஷூவத் தேடிக் குடு!"

குனிந்தேன். பெஞ்சுக்கு அடியில், என் கால் எட்டும் தூரத்தில்தான் இரண்டும் கிடந்தன.

காலாலேயே இன்னும் உள்ளே தள்ளிவிட்டேன்.

"காணோம், கோச்," என்றேன்.