பின்வாசல் படம்

"ஒரே ஒரு வரி போதும் டாக்டர். மந்திரிக்கு மனநிலை சரியில்லைன்னு சொல்லுங்க. மத்ததை நாங்க எழுதிக்கிறோம்."

போனில் குழைந்தவர் பத்திரிகை ஆசிரியர். மேடையில் பாதிப் பேச்சில் அழுதபடி இறங்கிப்போன மந்திரியின் வீடியோ காலையிலிருந்து ஊரையே கலக்கிக்கொண்டிருந்தது.

"நேர்ல பார்க்காத ஆளைப் பத்தி நான் பேச மாட்டேங்க," என்றார் மனநல டாக்டர்.

"பார்த்திருந்தா பேசுவீங்களா?"

"பார்த்திருந்தா சுத்தமாப் பேச மாட்டேன்." போனை வைத்துவிட்டார்.

ஆசிரியருக்கு மூக்கில் வேர்த்தது. மற்ற டாக்டர்களெல்லாம் டி.வி.க்கு டி.வி. மைக்கைப் பிடுங்கிப் பேசுகிறார்கள். இந்த மனுஷன் மட்டும் வாய்க்குப் பூட்டுப் போட்டால் சும்மாவா? மந்திரி வைத்தியம் பார்த்துக்கொள்வதே அங்கேதான் போலிருக்கிறது!

போட்டோகிராஃபரைக் கூப்பிட்டார்.

"அந்த கிளினிக்ல முன்வாசல்ல நுழையறவங்க பின்வாசல் வழியாத்தான் வெளியே வருவாங்களாம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துடக் கூடாதாம். நீ பின்வாசல்ல நில்லு. யார் வந்தாலும் எடு."

சாயங்காலம் திரும்பியவனின் கேமராவில் ஒரு படம்கூட இல்லை.

"ஏன்யா, யாருமே வரலையா?"

"வந்தாங்க சார். ஒருத்தரை எடுத்தேன்... அழிச்சுட்டேன். அப்புறம் எடுக்கக் கை வரல."

"யாரு அது?"

"கேக்காதீங்க சார்."

"ஓஹோ! டாக்டரும் வாயைத் திறக்கல, நீயும் திறக்கல. ரெண்டு பேரையும் மந்திரி நல்லாவே கவனிச்சிருக்கார் போல!"

"அப்படியெல்லாம் இல்ல சார்."

"பன்னண்டு வருஷம் உப்பைத் தின்னுட்டு விலை போயிட்டியேய்யா! நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராதே."

"சார், பொண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவம்..."

"அதை முன்னாடியே யோசிச்சிருக்கணும். போ!"

கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கல்லுளிமங்கன்!

வீட்டுக்கு வந்தும் ஆசிரியருக்குக் கொதிப்பு அடங்கவில்லை. மனைவி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள் போலிருக்கிறது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. கோவிச்சுக்கக் கூடாது."

"என்ன?"

"நாலு மாசமா எனக்குத் தூக்கமே இல்லை. காரணமே இல்லாம அழுகை வருது. உங்களுக்குத் தெரியாம ஒரு மனநல டாக்டர்கிட்ட போயிட்டு வர்றேன்."

"எந்த டாக்டர்?" என்றார் ஆசிரியர்.

"இன்னிக்குப் பின்வாசல்ல உங்க போட்டோகிராஃபர் நின்னுட்டிருந்தார். பாவம், படம் எடுத்த பிறகுதான் அவருக்கு நான்னு தெரிஞ்சுது. என் எதிர்லயே படத்தை அழிச்சுட்டு, 'நீங்களா சொல்ற வரைக்கும் சார்கிட்ட நான் வாயைத் திறக்க மாட்டேம்மா'ன்னார். படம் இல்லைன்னு அவரைத் திட்டிடாதீங்க."