தொடாத கால்

எஸ்கந்தரின் கை பெஹ்னாமின் இடது முழங்காலை நோக்கிப் பாய்ந்து வந்தது.

வெள்ளைக் கட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பிறகு, கொதிக்கிற பாத்திரத்தைத் தொடப் போன கை மாதிரி, பின்னால் போய்விட்டது.

அரங்கம் முழுக்க ஒரே குரலில் ஸலவாத் எழுந்தது, நபியை வாழ்த்தி மல்லனை மெச்சுகிற குரல். அது எஸ்கந்தருக்கு.

ஈரானின் குஸ்தி ஊரான ஜூய்பாரில் அப்படித்தான். கறுப்பு முழங்கால் உறை எல்லா மல்லர்களும் போடுவது. அடிபட்ட காலில் வெள்ளைக் கட்டோடு ஒருவன் இறங்கினால் அந்தக் காலை எவனும் தொடமாட்டான். தொட்டு ஜெயித்தவனோடு ரொட்டிக்கடை வரிசையில்கூட ஒருத்தரும் பேசமாட்டார்கள்.

கை பின்வாங்கிய அந்தக் கணத்தில் எஸ்கந்தர் திறந்து கிடந்தான். பெஹ்னாம் உள்ளே புகுந்தான். எஸ்கந்தரின் வலது காலை வாரி அணைத்து, தூக்கி, முறுக்கி, விரிப்பில் சாய்த்தான்.

இரண்டு புள்ளி.

எஸ்கந்தர் "ஹக்" என்று ஒரு மூச்சு விட்டான்.

இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் அந்தக் கை வந்து நின்றது. மூன்று தடவையும் பெஹ்னாம் அதே வலது காலைத்தான் பிடித்தான்.

"டேய் எஸ்கந்தர், மாமனார் வீட்டுக்குப் புதுசா வந்தவனாட்டம் எதையும் தொடாம நிக்கிறியே!" என்று மேல் வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்கந்தரும் சிரித்தான்.

பெஹ்னாம் கட்டின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கட்டுக்குள் இருந்த முழங்கால் ஆறிப் பதினொரு மாதம் ஆகிறது.

சாரி நகரத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "என் காலைவிட இது நல்லா இருக்குப்பா" என்றார். பெஹ்னாமும் நம்பினான். மாடிப்படி ஏறினான். வரப்பில் ஓடினான். நெல் மூட்டைகூடத் தூக்கினான். ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் விரிப்பில் எதிரே நிற்கிறவன் அந்தக் காலைப் பார்த்தால் போதும், அன்றைக்கு முழங்கால் முறிந்த சத்தம் கேட்கும். ஈரக் கிளை முறிகிற மாதிரி, உள்ளேயிருந்து. உடம்பு அப்படியே நின்றுவிடும். மூன்று பேரிடம் அப்படி நின்று தோற்றான். பதினேழு வயதுப் பையன்கள்.

கட்டு இருந்தால் கேட்காது.

"இன்னைக்காவது அதை அவிழ்த்துட்டு இறங்குடா" என்று குஸ்தி மாஸ்டர் காலையில் கெஞ்சினார். சரி என்றான். கழிப்பறைக்குள் போய் அவிழ்த்தான். வெளுத்துப்போன தோலில் வரிவரியாகத் தடம் விழுந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடி சுற்றிக்கொண்டு வந்தான்.

மாஸ்டர் காலைப் பார்த்தார். தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

நடுவர் பெஹ்னாமின் கையை உயர்த்தினார். ஊர் சார்பில் தெஹ்ரான் போட்டிக்குப் போகிறவன் அவன்தான். கைதட்டினார்கள். ஸலவாத் மட்டும் எழவில்லை.

உடை மாற்றும் அறையில் எஸ்கந்தர் தனியாக உட்கார்ந்திருந்தான். கறுப்பு உறையைக் கழற்றிவிட்டு வலது காலை பெஞ்சின் மேல் நீட்டியிருந்தான். முழங்கால் முலாம்பழம் மாதிரி வீங்கியிருந்தது. அதற்கு மேலும் கீழும் தோல் வெளுத்து, வரிவரியாகத் தடம்.

பெஹ்னாமுக்கு அந்தத் தடத்தைத் தெரியும்.

எஸ்கந்தரின் பையின் மேல் வெள்ளைக் கட்டு ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"அடிபட்டு மூணு வாரமாச்சுண்ணே" என்றான் எஸ்கந்தர், கேட்காமலே. "கட்டோட இறங்கினா நீங்க இந்தப் பக்கமே வரமாட்டீங்க. அப்புறம் அது என்ன குஸ்தி?"

பெஹ்னாம் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"அதை விடுங்க. உங்க கால் எப்படி இருக்கு? நான் தெரியாம எங்கயும் இடிச்சிடலையே?"

பெஹ்னாமின் விரல்கள் முடிச்சுக்குப் போயின. ஒரே இழுப்பு. அவிழ்த்துக் காட்டிவிடலாம். அதற்குப் பிறகு இந்த ஊரில் இருக்க முடியாது. ஆனாலும் காட்டிவிடலாம்.

முடிச்சைப் பிடித்தபடியே இருந்தான்.

"வலிக்குது" என்றான்.

எஸ்கந்தர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்தான். வீங்கிய காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

பிறகு கையோடு கொண்டுவந்திருந்த தன்னுடைய கட்டைப் பிரித்து, பெஹ்னாமின் முழங்காலில் இருந்த கட்டின் மேல், வலிக்காமல், சுற்ற ஆரம்பித்தான்.