சிவப்பு டவுசர்

பந்து இன்னும் வானத்தில்தான் இருக்கிறது. லிப்ட் மெக்கானிக் அண்ணாந்து நிற்கிறார். மழை விட்ட வெயிலில் கண் கூசுகிறது. வருடக்கணக்கில் விட்டிருந்த ரக்பியை இன்றுதான் மறுபடி ஆடுகிறார். ஒருமுறை மூட்டு விலகிய வலது தோள் இப்போதே விண்விண்ணென்று தெறிக்கிறது. பட்டை சுற்றிய முழங்கால் நறநறக்கிறது. இந்த ஆட்டத்தில் அறுபதைத் தாண்டியவர்களுக்குச் சிவப்பு டவுசர். அதைப் போட்டவரைப் பிடிக்கலாம், கீழே தள்ளக் கூடாது. "சிவப்பப் போட்டுக்கிட்டா போங்க. இல்லேன்னா ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டார வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லித்தான் மனைவி அனுப்பினாள். கோட்டுக்கு வெளியே, மடக்கிய குடையை நெஞ்சோடு பிடித்தபடி அவளும் நிற்கிறாள். பந்து வந்து மார்பில் மோதுகிறது. இரு கையாலும் அணைத்துக்கொள்கிறார். எதிரே ஈர மண்ணைக் கிளறிக்கொண்டு எருமைக்கடா மாதிரி ஒருவன் ஓடி வருகிறான். வருகிற வேகத்தில் டவுசரின் நிறம் அவன் கண்ணில் பட்டிருக்குமா? அவன் மூச்சிரைப்பு காதருகே கேட்கிறது. மெக்கானிக் பல்லைக் கடித்து, தோளைக் குறுக்கி, கண்ணை இறுக மூடி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். காலடிச் சத்தம் நின்றுவிடுகிறது. காய்ச்சல்காரனைத் தொட்டுப் பார்ப்பதுபோல ஒரு சூடான உள்ளங்கை அவர் தோளில் மெல்லப் படிகிறது. "பயப்படாதீங்க பெரியப்பா, நான் தள்ள மாட்டேன்." கண்ணைத் திறக்கிறார். அவன் மோதியிருந்தால்கூடப் பந்தை விட்டிருக்க மாட்டார். இப்போது அது கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுகிறது.