பல்லி சொன்ன புத்தகம்

வாடகை நூலகச் சுவரில் இருந்த பல்லிக்கு ஒரே ஒரு கதைதான் தெரியும், அதுவும் பாதி. முன்பு ஓர் அம்மா அங்கே உட்கார்ந்து தன் குழந்தைக்குச் சத்தமாகப் படித்த கதை அது. தாயைத் தேடிப்போன கன்றுக்குட்டி நடு ஆற்றுக்கு வந்தபோது குழந்தை தூங்கிவிட்டது. அம்மா புத்தகத்தை மூடிவிட்டாள்.

அன்றிலிருந்து யார் அந்தப் புத்தகத்தைத் தொட்டாலும் பல்லி, "ச்சு ச்சு" என்று ஆசையாகச் சொல்லும். துப்பறியும் நாவல் தேடி வந்தவர்கள்கூட, "பல்லியே சொல்லிடுச்சு" என்று அதை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். பல்லி சொன்னால் புத்தகம் நன்றாயிருக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. திருப்பித் தர வந்தவர்கள் யாரும் முடிவைச் சொல்லவில்லை.

"நீ சொல்றதாலதான் தூக்கிட்டுப் போயிடறாங்க," என்றது மூலையில் இருந்த சிலந்தி. "வாயை மூடிக்கிட்டு இரு. யாராவது இங்கேயே உட்கார்ந்து படிப்பாங்க."

மறுநாள் ஒரு சிறுமி அந்தப் புத்தகத்தை எடுத்தாள். பல்லி மூச்சுக்கூட விடவில்லை. அவள் சுவரை அண்ணாந்து பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"பல்லி ஒண்ணும் சொல்லலையே," என்று அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

பல்லி மெல்ல இறங்கிவந்து அந்தப் புத்தகத்தின் அட்டைமேல் படுத்துக்கொண்டது. உள்ளே கன்றுக்குட்டி இன்னும் நடு ஆற்றிலேயே நின்றுகொண்டிருந்தது.