மிச்சமாகிப்போன ஊசி

மாமனார் மதுரைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவருடைய எழுபது வருடப் பழைய காரின் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தான் ஆதித்தன். திரும்பப் பூட்டிப் பார்த்தால் ஓர் ஊசி மிச்சம்! வண்டியும் கிளம்பவில்லை.

“அப்பச்சி டிரைவரைக்கூட அதைத் தொட விடமாட்டாக. மத்தியானம் வந்துருவாகளே!” என்றாள் மனைவி சுபா, தன் அப்பாவின் கோபத்தை நினைத்து.

அவன் உடனே பழைய கார்களுக்கான ஃபேஸ்புக் குழுவில் காரையும் ஊசியையும் படமெடுத்துப் போட்டுக் கெஞ்சினான். தெருவில் ஹாரன் கேட்கும்போதெல்லாம் திடுக்கிட்டான்.

‘கிழட்டு இஞ்சின்’ என்ற பெயரில் ஒருவர், ஊசி போகும் இடம், கார்புரேட்டருக்குள் மிதவை நிற்கவேண்டிய உயரம் எல்லாம் பொறுமையாக எழுதினார். அப்படியே பூட்டினான். வண்டி உறுமியது.

“தெய்வம் மாதிரி வந்தீக! இல்லேன்னா மாமனார் என்னைத் தொலைச்சிருப்பாக.”

உடனே பதில் வந்தது.

“பெட்ரோல் ஒழுகுதான்னு மட்டும் பாத்துக்கங்க, மாப்பிள்ளை. நான் திருப்பத்தூர் தாண்டிட்டேன், இன்னும் அரை மணியில வீட்டுல இருப்பேன்.”