மூன்றாவது முனை

"உங்க பொண்ணு காப்பி அடிச்சிருக்கா" என்றார் கணக்கு வாத்தியார்.

நர்ஸ் உடுப்போடு, வார்டில் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடி வந்திருந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மகள் தரையைப் பார்த்தபடி நின்றாள். பக்கத்தில் அவள் சிநேகிதியும் அதே தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் இரண்டு கிராஃப் தாள்களை மேஜையில் விரித்தார்.

"கேள்வி என்ன? இந்த முக்கோணத்தை நாலு கட்டம் வலது பக்கம், மூணு கட்டம் கீழே நகர்த்தி வரையணும். மூணு முனையும் ஒரே மாதிரி நகர்ந்தாத்தான் உருவம் மாறாது. இவங்க ரெண்டு முனையைக் கீழே இறக்கிட்டு, மூணாவதை மட்டும் மேலே ஏத்தி வெச்சிருக்காங்க. பாருங்க, காத்துல பறந்த கூடாரம் மாதிரி இழுத்துக்கிட்டு நிக்குது."

அம்மாவுக்கு முக்கோணம் புரியவில்லை. மானம் போவது நன்றாகப் புரிந்தது.

"தெரியாம பண்ணியிருப்பாங்க சார்."

"ஒருத்தி பண்ணினா தெரியாம பண்ணினது. ரெண்டு பேரும் அச்சு அசலா ஒரே தப்பைப் பண்ணினா அதுக்குப் பேர் என்னம்மா?"

அம்மா திரும்பி மகளை முறைத்தாள்.

"ரெண்டு பேருக்கும் முட்டை மார்க். தலைமை ஆசிரியர்கிட்ட எழுதிக் குடுக்கப்போறேன். அடுத்த வருஷம் வேற பள்ளிக்கூடம் பார்த்துக்கங்க."

"ஐயோ சார், இவ படிப்பை நம்பித்தான் நான் ராப்பகலா ஓடிக்கிட்டிருக்கேன்" என்று அம்மா கைகூப்பினாள். அதைப் பார்க்க மகளுக்குத் தாங்கவில்லை.

"சார், நான் முதல் பெஞ்ச், இவ கடைசி பெஞ்ச். நடுவுல நீங்கதானே நின்னீங்க. எப்படிப் பார்த்து எழுத முடியும்?"

"அதான் கெட்டிக்காரத்தனம்" என்ற வாத்தியார் அம்மா பக்கம் திரும்பினார். "சொந்தமா யோசிக்கிற பழக்கமே போச்சும்மா. இந்தக் கேள்வியை என் சொந்த மூளையைக் கசக்கிப் போட்டேன். எனக்கு அந்தக் காலத்து வளர்ப்பு. அடுத்தவன் உழைப்பைத் தொட்டா கை கூசும்."

சிநேகிதி முழங்கையால் இடித்தாள். "சொல்லிடுடி. இனிமே மறைச்சு என்ன பிரயோஜனம்?"

"கைடுல இருந்த விடையை மனப்பாடம் பண்ணிட்டு வந்தோம் சார்" என்றாள் மகள். "ரெண்டு பேரும்."

"என் கேள்விக்குக் கைடுல எப்படி விடை இருக்கும்?" வாத்தியாரின் குரல் கொஞ்சம் இளைத்திருந்தது.

மகள் தயங்கித் தயங்கி, மரியாதை குறையாமல் சொன்னாள்.

"கைடுல இருக்கிற முக்கோணத்தை நீங்க ரெண்டு கட்டம் வலது பக்கம் தள்ளிக் கேள்வியா குடுத்திருந்தீங்க. நாங்களும் அதுல இருக்கிற விடையை ரெண்டு கட்டம் வலது பக்கம் தள்ளி எழுதிட்டோம். மூணாவது முனை அதுலயே தப்பா அச்சாகியிருக்குன்னு எங்களுக்குத் தெரியாது சார்."